டிராபன்ட் காரை அமெரிக்காவுக்கு இறக்கிச் சட்டப்படி ஓட்டுவது எப்படி?

கிழக்கு ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரில் 1957 முதல் 1991 வரை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டிராபன்ட் கார்கள் தயாராயின. அவற்றில் பெரும்பாலானவை 1964-ல் வந்த 601 மாடல். இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் என்ஜின், 600 சி.சி.க்குச் சற்றுக் குறைவு, 26 குதிரைத்திறன். மொத்த எடையே 600 கிலோவைக் கொஞ்சம்தான் தாண்டும். இரும்புத் தகடுக்குத் தட்டுப்பாடு இருந்த நாடு அது. அதனால் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த கழிவுப் பருத்தியைப் பினோல் பிசினோடு சேர்த்து அழுத்தி, டூரோபிளாஸ்ட் என்ற பொருளில் மேல்பாகங்களை வார்த்தார்கள். பெயரைப் பதிந்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து வாங்கிய குடும்பங்கள் ஏராளம். 1989-ல் பெர்லின் சுவர் திறந்த பிறகு அதே காரைத் தெருவோரம் விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. இன்று அதைத் தேடிப் பிடித்து வாங்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது.

ஐரோப்பாவின் பழைய சிக்கனக் கார்கள்மேல் ஆசைப்படும் அமெரிக்கத் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். டிராபன்ட்டை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். சித்ரோயன் 2சிவி, ஃபியட் 500, ரெனோ 4 எதுவானாலும் பாதை ஏறக்குறைய இதுதான். பலரும் விளம்பரத்தில் படத்தைப் பார்த்து மயங்கி முன்பணம் கட்டிவிடுகிறார்கள், சட்டத்தை அதற்கப்புறம்தான் தேடுகிறார்கள். முதலில் உங்கள் மாநிலத்தின் விதி, பிறகு காரின் ஆவணம், அதற்குப் பிறகு கார், கடைசியாகக் கப்பல். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

பெர்லின் போகும் வாய்ப்பு கிடைத்தால், டிராபன்ட்டில் ஊர் சுற்றும் டிராபி சஃபாரி என்ற சுற்றுலாவில் பணம் கட்டி நீங்களே ஓட்டலாம். கியர் கம்பி டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். பிரேக்குக்கு பூஸ்டர் கிடையாது. சத்தமும் புகையும் எப்படி என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இது நமக்கு ஒத்துவராது என்று அங்கேயே முடிவெடுத்தால் அதுவும் லாபம்தான். அமெரிக்காவிலேயே பார்க்க வேண்டுமென்றால் டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் இருக்கும் லேன் மோட்டார் மியூசியத்துக்குப் போங்கள். ஐரோப்பாவின் விசித்திரமான சின்னக் கார்களை அவ்வளவு எண்ணிக்கையில் ஒரே கூரையின் கீழ் இந்த நாட்டில் வேறெங்கும் பார்ப்பது கடினம். வாஷிங்டனில் இன்டர்நேஷனல் ஸ்பை மியூசியம் நடத்திவரும் டிராபன்ட் அணிவகுப்பும் நல்ல இடம். அங்கே வரும் சொந்தக்காரர்களிடம் நேரடியாகக் கேளுங்கள். எந்த மாநிலத்தில் பதிவு செய்தார்கள், என்ன தாள் கேட்டார்கள் என்று அவர்கள் சொல்வது வேறெங்கும் கிடைக்காது.

25 என்ற எண்ணும் 21 என்ற எண்ணும்

அமெரிக்காவில் விற்பதற்கென்று தயாரிக்கப்படாத காரை உள்ளே கொண்டுவர இரண்டு மத்திய அமைப்புகளின் விதியைத் தாண்ட வேண்டும். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குக் கார் 25 வயதைக் கடந்திருந்தால் போதும். மோதல் பாதுகாப்புத் தரங்கள் அதற்குப் பொருந்தாது. இதற்கான படிவம் ஹெச்.எஸ்-7. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் புகை விதிக்கு வரம்பு 21 வருஷம், படிவம் 3520-1.

25 வருஷம் என்பது மாடல் ஆண்டைப் பார்த்து எண்ணுவதல்ல. தயாரான மாதத்திலிருந்து எண்ணுவார்கள். கடைசி டிராபன்ட் 1991 ஏப்ரலில் வெளிவந்தது, ஆகவே எல்லா டிராபன்ட்டும் இந்த வரம்பைத் தாண்டிவிட்டன. 2சிவி உற்பத்தி 1990 ஜூலையில் போர்ச்சுகலில் முடிந்தது, அதுவும் பிரச்சினை இல்லை. கவனம் தேவைப்படுவது முதல் தலைமுறை ரெனோ ட்விங்கோ, பழைய ஃபியட் பாண்டா போல 2000-க்குப் பிறகும் தயாரான கார்களுக்கு. 2001 நவம்பரில் தயாரான ட்விங்கோ 2026 நவம்பருக்கு முன்னால் துறைமுகத்தில் இறங்கினால் அது சட்டவிரோத இறக்குமதி.

தயாரிப்பு மாதம் காரில் எங்கும் பொறிக்கப்படவில்லை என்றால்? 25 வருஷத்துக்கு முன்பே பதிவானதைக் காட்டும் ஆவணத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். ஐரோப்பியப் பதிவுச் சான்றில் ‘பி’ என்ற கட்டத்தில் இருப்பது முதல் பதிவு நாள். தயாரித்த பிறகுதானே பதிவு செய்ய முடியும், ஆகவே அந்த நாள் 25 வருஷத்தைத் தாண்டியிருந்தால் தொல்லை இல்லை.

புகை விதியில் ஒரு பொறி இருக்கிறது. 21 வருஷ விலக்கு கிடைக்க வேண்டுமானால் கார் மாற்றியமைக்கப்படாமல், அதன் சொந்த என்ஜினோடு அல்லது அதற்கு நிகரான என்ஜினோடு இருக்க வேண்டும். டிராபன்ட் 1.1 என்ற கடைசி மாடலுக்குத் தொழிற்சாலையிலேயே ஃபோக்ஸ்வாகன் வடிவமைப்பில் ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜின் போட்டார்கள். அதைத் தாராளமாகக் கொண்டுவரலாம். ஆனால் பழைய 601-ஐ வாங்கி அதில் யாரோ ஃபோக்ஸ்வாகன் போலோ காரின் என்ஜினைப் பொருத்தியிருந்தால் அந்த விலக்கு கிடைக்காமல் போகலாம். ‘மேம்படுத்தப்பட்டது’ என்று விளம்பரத்தில் பார்த்தால் என்ஜின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உங்கள் மாநிலம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு உள்ளே விட்டுவிட்டது என்பதற்காக மாநிலம் நம்பர் பிளேட் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அதிகம். 25 வருஷம் தாண்டிய ஜப்பானியக் குட்டி வேன்களையும் டிரக்குகளையும் மெய்ன், ரோட் ஐலண்ட் போன்ற மாநிலங்கள் பதிவு செய்ய மறுத்தன, ஏற்கெனவே தந்த பதிவையும் ரத்து செய்தன. டெக்சாஸ் அப்படிக் கெடுபிடி செய்து 2024-ல் பின்வாங்கியது. ஐரோப்பியக் கார்கள்மேல் அந்த வேகம் பாயவில்லை, ஆனாலும் பாடம் ஒன்றுதான்.

கலிபோர்னியாவில் 1976 மாடலிலிருந்து பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை உண்டு. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வந்த காருக்கு விதி இன்னும் கடுமை. அங்கே இருப்பவர்கள் 1975 அல்லது அதற்கு முந்தைய காரைத் தேடுவது புத்திசாலித்தனம். பென்சில்வேனியா போல ஆண்டுச் சோதனை நடத்தும் மாநிலங்களில் விளக்கு, ஹாரன், பிரேக், கண்ணாடி எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

உங்கள் மாநில வாகனப் பதிவு அலுவலகமான டி.எம்.வி.க்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்று கேள்விகள் கேளுங்கள். 25 வருஷம் தாண்டிய வெளிநாட்டுக் காருக்கு டைட்டில் (உரிமைச் சான்று) தருவீர்களா? என்னென்ன ஆவணம் வேண்டும்? பழங்கால வாகனப் பிளேட் வாங்கினால் எதற்கெல்லாம் ஓட்டலாம்? பதில் எழுத்தில் வரட்டும். கவுன்டரில் இருப்பவர் ஒன்று சொல்வார், அடுத்த வாரம் வேறொருவர் வேறு சொல்வார். கையில் அந்த மின்னஞ்சல் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

காரையும் தாளையும் சேர்த்துப் பாருங்கள்

ஜெர்மனியில் பதிவுச் சான்று இரண்டு பகுதி. உரிமையைக் காட்டுவது இரண்டாம் பகுதி; பழையவர்கள் அதை இன்னும் ‘பிரீஃப்’ என்றே சொல்வார்கள். விற்பவரிடம் இரண்டும் இருக்க வேண்டும். ஹங்கேரி, போலந்து, செக் நாடுகளிலும் டிராபன்ட் நிறையக் கிடைக்கிறது, விலையும் சில சமயம் குறைவு. அந்த மொழித் தாள்களுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். ‘தாள் தொலைந்துவிட்டது, அதனால்தான் விலை குறைவு’ என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தாள் இல்லாத காருக்கு நான் ஒரு டாலர்கூடக் கொடுக்க மாட்டேன்.

பானெட்டைத் திறந்தால் என்ஜின் அறையில் சின்ன உலோகத் தகடு இருக்கும். அதில் உள்ள சேசிஸ் எண்ணும், காரின் உடலில் அடித்திருக்கும் எண்ணும், தாளில் உள்ள எண்ணும் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இலக்கம் மாறினாலும் வேண்டாம். தகட்டைச் சுற்றிப் புது ரிவெட் இருக்கிறதா, எழுத்து அடித்த இடத்தில் உரசிய தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய மினி, 2சிவி ஆகியவற்றில் இது இன்னும் முக்கியம். வயது குறைந்த காருக்குப் பழைய காரின் எண்ணைப் பொருத்திக் கொண்டுவரும் மோசடி பல காலம் நடந்தது. அப்படி வந்த ஒரு மினியை அமெரிக்கச் சுங்கத்துறை பறிமுதல் செய்து நசுக்கி, அந்தக் காணொளியையும் வெளியிட்டது.

டூரோபிளாஸ்ட் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அதற்கு உள்ளே இருக்கும் எலும்புக்கூடு முழுக்க இரும்பு. வெளியே பளபளவென்று இருக்கும் டிராபன்ட்டுக்குள் தரை ஓட்டை விழுந்திருக்கலாம். கால்மிதியைத் தூக்குங்கள், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், லீஃப் ஸ்பிரிங் உடலோடு சேரும் இடங்களைப் பாருங்கள். என்ஜின் கெட்டால் இருவர் சேர்ந்து கையால் தூக்கி வெளியே வைக்கலாம். அவ்வளவு இலேசு, பாகமும் கிடைக்கும். தரை போனால் வெல்டிங்குக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு டிராபன்ட் வாங்கலாம். எனவே என்ஜின் சுமாராக, உடல் நன்றாக இருக்கும் காரையே தேர்ந்தெடுங்கள்.

நேரில் போக முடியாவிட்டால் அங்கே உள்ள கார் பரிசோதகருக்குப் பணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தரைக்கு அடியில் எடுத்த படம் இல்லாமல் முடிவு செய்யாதீர்கள்.

கப்பலும் சுங்கமும்

பிரேமர்ஹாஃபன், ஹாம்பர்க் துறைமுகங்களிலிருந்து பால்டிமோர், நியூவார்க், பிரன்ஸ்விக் போன்ற இடங்களுக்கு வழக்கமாகக் கப்பல் போகிறது. காரை ஓட்டியே ஏற்றும் ரோ-ரோ கப்பல் மலிவு. ஆனால் கார் ஸ்டார்ட் ஆகி, பிரேக் பிடித்தாக வேண்டும். கன்டெய்னர் விலை கூட, பாதுகாப்பும் கூட. டிராபன்ட் சிறியது என்பதால் இன்னொருவரின் காரோடு கன்டெய்னரைப் பகிர்ந்துகொள்வது நல்ல யோசனை.

கன்டெய்னரில் வருவதாக இருந்தால், ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே இறக்குமதிப் பாதுகாப்புத் தகவலைச் சுங்கத்துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் 5,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். முதல்முறை செய்பவர்கள் இதையெல்லாம் தாங்களே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். உரிமம் பெற்ற சுங்க முகவர் ஒருவரை வைத்தால் அவர் பிணைப் பத்திரத்திலிருந்து எல்லாப் படிவமும் பார்த்துக்கொள்வார்.

கார்களுக்கான அடிப்படைச் சுங்க வரி நீண்ட காலமாக 2.5 சதவீதம். 2025-லிருந்து வரி விகிதங்கள் அடிக்கடி மாறுகின்றன, 25 வருஷம் தாண்டிய கார்களுக்குத் தனி விதியும் இருக்கிறது. காரின் தயாரிப்பு ஆண்டைச் சொல்லி அன்றைய நிலவரத்தை முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். இதோடு துறைமுகப் பராமரிப்புக் கட்டணம் 0.125 சதவீதம், சுங்கச் செயலாக்கக் கட்டணம் 0.3464 சதவீதம் சேரும். செயலாக்கக் கட்டணத்துக்குக் குறைந்தபட்சத் தொகை உண்டு. 2சிவி, ரெனோ 4 ஆகியவற்றின் சரக்கு வேன் வடிவங்களை விரும்புகிறவர்கள் மட்டும் கூடுதல் கவனமாக இருங்கள். ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக 1964 முதல் இலகு டிரக்குகள்மேல் விழும் 25 சதவீத வரியில் அவை சிக்கிக்கொள்ளும். டிராபன்ட்டின் ஸ்டேஷன் வேகன் வடிவத்துக்கு அந்தப் பயம் வேண்டாம். பின்னிருக்கை இருக்கிறது, அது பயணிகள் கார்தான்.

அனுப்புவதற்கு முன் காரின் அடிப்பகுதியை நீராவியால் கழுவச் சொல்லுங்கள். வெளிநாட்டு மண் ஒட்டியிருந்தால் வேளாண் துறை நிறுத்திவிடும். காருக்குள் சொந்தச் சாமான் வைக்காதீர்கள்.

கார் கையில் வந்ததும் சுங்கத்துறை முத்திரையிட்ட 7501 என்ற இறக்குமதிப் பதிவுப் படிவம், ஹெச்.எஸ்-7 படிவம் இரண்டையும் ஸ்கேன் செய்து, மூலப்பிரதியைப் பத்திரமாக வையுங்கள். டி.எம்.வி. முதலில் கேட்பது அவற்றைத்தான். நாளைக்கு நீங்கள் விற்றால் வாங்குகிறவரும் கேட்பார்.

நம்பர் பிளேட்டும் காப்பீடும்

அமெரிக்காவில் 1981 முதல் வாகன எண் 17 எழுத்தெண் கொண்டது. டிராபன்ட்டின் எண் அதில் பாதிகூட இருக்காது. டி.எம்.வி. கணினி அதை ஏற்க மறுக்கும், ஊழியர் குழம்புவார். பொறுமையாக மேலாளரைக் கேளுங்கள். பழைய, வெளிநாட்டு எண்களைக் கையால் பதிய வழி இருக்கிறது. பல மாநிலங்களில் எண்ணைச் சரிபார்க்க ஒரு போலீஸ் அதிகாரியோ ஆய்வாளரோ நேரில் வந்து பார்ப்பார்.

பழங்கால வாகனப் பிளேட் மலிவு, பல இடங்களில் சோதனையும் தேவையில்லை. பதிலுக்கு, கண்காட்சி, அணிவகுப்பு, பொழுதுபோக்குப் பயணம் என்று ஓட்டும் எல்லையைச் சுருக்கிவிடுவார்கள். தினமும் வேலைக்கு ஓட்ட நினைத்தால் சாதாரணப் பிளேட்தான். காப்பீட்டுக்குப் பழைய கார்களுக்கென்றே இருக்கும், மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் திட்டத்தை எடுங்கள். வீட்டில் அன்றாடம் ஓட்ட வேறொரு கார் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

மூன்று சக்கர ரிலையன்ட் ராபினை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க மத்திய விதிப்படி மூன்று சக்கர வாகனம் மோட்டார் சைக்கிள் வகை. சில மாநிலங்களில் மோட்டார் சைக்கிள் உரிமம் கேட்பார்கள், சிலவற்றில் ஹெல்மெட் விதிகூட வரும். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு

கனடாவில் வரம்பு 15 வருஷம்தான்; அமெரிக்காவுக்கு இன்னும் வராத பல கார்கள் அங்கே சட்டப்படி ஓடுகின்றன. பிரிட்டனில் கார் வந்த 14 நாளுக்குள் வருவாய்த் துறைக்கு அறிவிக்க வேண்டும், 40 வருஷம் தாண்டிய காருக்குச் சாலை வரியும் ஆண்டுச் சோதனையும் இல்லை. ஜெர்மனியிலேயே வசிப்பவர்கள் 30 வருஷம் தாண்டிய, நல்ல நிலையில் உள்ள காருக்கு எண்ணின் கடைசியில் ‘ஹெச்’ எழுத்துப் பிளேட் வாங்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு மண்டலங்களுக்குள் டூ-ஸ்ட்ரோக் டிராபன்ட்கூட அதைக் கொண்டு நுழையலாம். ஆஸ்திரேலியாவில் 25 வருஷம் என்பதோடு ஆஸ்பெஸ்டாஸ் தடையும் உண்டு. பழைய பிரேக் லைனிங், கேஸ்கட் எல்லாவற்றையும் அனுப்புவதற்கு முன்பே மாற்றிச் சான்றும் வைத்திருங்கள். இந்தியாவில் 2021 விதிப்படி 50 வருஷம் தாண்டிய வாகனத்துக்குத்தான் ‘வி.ஏ.’ எண் வரிசையில் விண்டேஜ் பதிவு. இடப்பக்க ஸ்டீயரிங் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். அங்கே டிராபன்ட்டை யோசிப்பவர்கள் கையில் சட்ட ஆலோசனையோடு தொடங்குவது நல்லது.

ஓட்டத் தொடங்கும்போது

பெட்ரோலோடு டூ-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். 1970-களின் நடுவிலிருந்து வந்த 601-க்கு விகிதம் 1:50, அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லி. பழைய கார்களுக்கு 1:33. அமெரிக்க கேலன் கணக்கில் 1:50 என்பது கேலனுக்கு 76 மில்லி. அளவு குவளை ஒன்றைக் காரிலேயே வையுங்கள். முதலில் ஆயிலை ஊற்றி, மேலே பெட்ரோலை விட்டால் தானாகக் கலக்கும். டேங்க் பானெட்டுக்கு அடியில், என்ஜினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்ரோல் பம்ப் கிடையாது, மேலிருந்து தானாக இறங்கும். பெரும்பாலான 601-களில் பெட்ரோல் முள்ளும் இல்லை. அளவுக்கோலை டேங்கில் விட்டுப் பார்க்க வேண்டும். சூடான என்ஜினுக்கு மேலே ஊற்றுகிறோம் என்பதை மறக்காமல், என்ஜினை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, சிந்தாமல் ஊற்றுங்கள். இங்கே கிடைக்கும் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் எத்தனால் இருக்கும், பழைய ரப்பர் குழாயை அது அரித்துவிடும். வந்தவுடன் எல்லா எரிபொருள் குழாயையும் புதிதாக மாற்றுங்கள்.

டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கு உயவு பெட்ரோலோடு வரும் ஆயிலிலிருந்துதான் கிடைக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு கியரில் உருண்டால் என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் போகாது. இதைத் தவிர்க்க நான்காவது கியரில் ஃப்ரீவீல் வைத்தார்கள். காலை எடுத்ததும் என்ஜின் சக்கரத்திலிருந்து விடுபட்டு மெதுவாகச் சுற்றும். விளைவு, நான்காவது கியரில் என்ஜின் பிரேக்கிங் அறவே இல்லை, முழுப் பாரமும் டிரம் பிரேக்மேல்தான். நீண்ட மலை இறக்கத்தில் மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள், அவ்வப்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஆயில் கொடுங்கள்.

சட்டப்படி இன்டர்ஸ்டேட்டில் ஏறலாம் என்றாலும் நான் ஏற வேண்டாம் என்பேன். முழு வேகமே மணிக்கு 100 கிலோமீட்டர் சொச்சம், சுற்றிலும் ராட்சத டிரக்குகள், உங்களைக் காக்க ஏர்பேக்கும் இல்லை, நொறுங்கி அதிர்ச்சியை வாங்கும் முன்பகுதியும் இல்லை. 45 மைல் வரம்புள்ள கிராமச் சாலைகளில் இந்தக் கார் அருமையாகப் போகும்.

உதிரிபாகங்கள் ஜெர்மனியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் தபாலில் வருகின்றன, விலையும் குறைவு. கப்பல் ஏறும் முன்பே முதல் பார்சலை ஆர்டர் செய்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், பழைய மாடலானால் கான்டாக்ட் பாயின்ட், ஃபேன் பெல்ட், பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், கார்புரேட்டர் கேஸ்கட், எரிபொருள் குழாய் சீல் இவ்வளவும் அதில் இருக்கட்டும். முதல் சனிக்கிழமை பிரேக் வேலை, அடுத்தது எரிபொருள் குழாய். இரண்டும் முடியும்வரை உங்கள் தெருவைத் தாண்ட வேண்டாம். நிறுத்தும்போதெல்லாம் டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள பெட்ரோல் திருகைக் கையால் மூடுங்கள்; திறந்தே விட்டால் கார்புரேட்டர் வழியாகக் கசியும் பெட்ரோல் இரவோடு இரவாக என்ஜினுக்குள் இறங்கிவிடும்.